நேராப் போங்க

எங்கள் வெனிஸில் நேரான தெரு என்று ஒன்று கிடையாது. நாலு எட்டு வைத்தால் பாலம், ஐந்தாவது எட்டில் கால்வாய். ஆனாலும் வழி கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஜில்தோ புசேத்தோ நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தது ஒரே பதில்தான்.

"நேராப் போங்க."

என் மதுக்கடை வாசலில் சின்னக் கிளாஸ் வெள்ளை ஒயினோடு நின்றுகொண்டுதான் சொல்லுவார். கார் இல்லாத ஊர், என்ன நிம்மதி என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே அவர்கள் போவார்கள். கால் மணி நேரத்தில் முட்டுச்சந்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அதே வாசலுக்குத் திரும்பி வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் இவர் இரண்டாவது கிளாஸ் வாங்குவார்.

என் கடையில் பாத்திரம் கழுவுகிற வங்காளதேசத்து லிட்டனையும் முதல் நாள் அப்படித்தான் நேராக அனுப்பினார். அவன் முழங்கால்வரை நனைந்து, ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், அதை மறைப்பானேன்.

ஜில்தோவுக்குப் படகு பஸ்ஸில் வேலை. ஒவ்வொரு துறையிலும் கயிற்றை வீசிக் கட்டுவார். அவர் கட்டி முடிக்குமுன் யாராவது காலெடுத்து வைத்தால், மேயராக இருந்தாலும் திட்டு விழும். ஓய்வு பெற்றும் அந்தத் திமிர் குறையவில்லை. மகள் நோயெமி கல்யாணம் செய்துகொண்டு அக்கரையில் மெஸ்த்ரேவுக்குக் குடிபோனாள். கார் ஓடுகிற ஊரில் மனுஷன் இருப்பானா என்று சொல்லி, ஆறு வருஷமாக அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. போக வர அரை மணி நேரப் பயணம்தான்.

பேரன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்த வேண்டியவர் தாத்தா. இதற்கும் வராவிட்டால் இனி தாத்தா என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்று நோயெமி போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். தன் கல்யாணத்துக்கு அணிந்த கோட்டை மாட்டிக்கொண்டு மனுஷன் மெஸ்த்ரே போகிற டவுன் பஸ் ஏறினார்.

இறங்கிய இடத்துக்கு எதிரிலேயே தேவாலயம். நடுவில் ஒரு சாலை. நடக்கிறவர்கள் கடக்க வெள்ளைக் கோடு போட்டிருந்தது, சிக்னல் விளக்கு இல்லை. அங்கே நாம் காலை வைத்தால்தான் கார் நிற்கும். ஜில்தோவோ கார் நிற்கட்டும், அப்புறம் காலை வைப்போம் என்று காத்திருந்தார். கயிறு கட்டாத படகில் கால் வைக்காதவர் ஆயிற்றே. இருபது நிமிஷம் போயிற்று. மணி அடிக்க ஆரம்பித்தது.

லிட்டனுக்குக் குடியிருப்பு அந்தத் தெருவில்தான். காய்கறிப் பையோடு வந்தவன் இவரைப் பார்த்து நின்றான்.

"எப்படிப்பா அந்தப் பக்கம் போறது?" என்று கேட்டாராம்.

"நேராப் போங்க, பெரியவரே."

அவனுக்கும் ஒரு நாள் வர வேண்டாமா? ஜில்தோ ஒரு காலை வைத்தார். ஹாரன் அலறியது. காலை இழுத்துக்கொண்டார். இரண்டாவது மணியும் அடித்தது. தண்ணீருக்கே பயந்ததில்லை என்பவர் லிட்டன் பக்கம் கையை நீட்டினாராம்.

"தம்பி, கையைப் பிடிச்சுக்கோப்பா. குழந்தையை நான்தான் தூக்கணும்."

அவன் பிடித்துக்கொண்டான். வாசல்வரை கொண்டுபோய் விட்டான். நோயெமி ஓடிவந்து, யாரப்பா கூட்டிட்டு வந்தது என்று கேட்டாள்.

"என்னை யாரு கூட்டிட்டு வரணும்? நேராத்தானே இருக்கு," என்றார் ஜில்தோ. லிட்டன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பேரனை ஏந்தினார், அழுதார், தேவாலயத்தை அடுத்திருந்த மகள் வீட்டு விருந்தில் மூக்குப்பிடிக்கத் தின்றார். மருமகன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, கால் இருக்கிறவனுக்கு எதற்குச் சக்கரம் என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார்.

முக்கால் மணி நேரம் கழித்து நோயெமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா அதே சாலைக் கோட்டின் ஓரத்தில், கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.  பிள்ளையோடு இறங்கி வந்து கையை நீட்டினாள், அவரும் பிடித்துக்கொண்டார்.

லிட்டன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை தட்டுக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "அந்த அக்கா ரோட்டைத் தாண்டுறப்போ ஒரு கையில பிள்ளை, ஒரு கையில அப்பா. தூங்கிட்டு வந்தது பிள்ளை. கண்ணை இறுக்கி மூடிட்டு வந்தது அவரு."