உப்பு, சீனி, சவர்க்காரம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர் இத்தாலியில் பிறந்தவர், வயது தொண்ணூறை ஒட்டி. என் மனைவி அவரையும் அன்ரி ஆக்கிவிட்டாள். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் என் ஞாபகத்தில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேயே பதிந்திருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

போன வருடம் குளிர் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஷாவாவில் இருக்கும் அன்ரியின் மகன் எங்கள் கதவைத் தட்டினார். அவரும் ஓய்வுபெற்றுவிட்டவர். முகத்தில் தூங்கிய தடயமே இல்லை.

"அம்மாவை ஒஷாவாவிலை ஒரு முதியோர் இல்லத்திலை சேர்க்கப் போறன். இடம் கிடைச்சிருக்கு, நாளைக்குப் பதில் சொல்லோணும். பேஸ்மென்ற் முழுக்கச் சாமான் அடுக்கி வச்சிருக்கிறா. ரீவியிலை ஆரும் மேடையேறிக் கத்தினால், அடுத்த நாள் போய் உப்பு வாங்கிறா."

"அவ என்ன சொல்லுறா?"

"பக்கத்து வீட்டாக்கள் வந்து பாத்து, 'உது விசர்' எண்டு சொன்னால் மறுபேச்சில்லாமல் போறாவாம். நீங்கள் அந்தக் காலத்து இத்தாலியைப் பற்றிப் படிச்ச ஆள். ஒருக்கா வாங்கோ."

எனக்கு நெஞ்சு விம்மியது. பாசிசம் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அது இதுவரை வெயிலை மறைப்பதற்கு மட்டுமே பயன்பட்டிருக்கிறது.

"நானும் வாறன்," என்றாள் மனைவி. "நீங்கள் தனியப் போய்க் கதைக்கத் தொடங்கினால், அன்ரி தானாகவே இல்லத்துக்குப் போயிடுவா."

படியிறங்கினோம். சுவர் நீளத்துக்குத் தட்டுகள். மா, சீனி, தக்காளிச் சாறு அடைத்த போத்தல்கள், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. ஒரு தட்டு முழுவதும் உப்பு. நடுவில் ஒரு கதிரையில் அன்ரி, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போலக் கைகட்டி இருந்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அந்த நாளையிலை உங்கட தலைவர் பல்கனியிலை வந்து நிண்டு..."

"பல்கனியை விடு தம்பி. எங்கட ஊரிலை பல்கனி இல்லை," என்றார் அன்ரி. "சனிக்கிழமையிலை கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பிள்ளையள் நாங்கள் வரிசையிலை நிண்டு 'தலைவர் வாழ்க' எண்டு கத்துவம். நல்ல சந்தோசம். கத்தினால் பிஸ்கட் தருவினம். எங்கட அம்மா தன்ரை கலியாண மோதிரத்தையே நாட்டுக்குக் குடுத்தவ. பதிலுக்கு ஒரு இரும்பு மோதிரம் குடுத்தவை."

"இரும்பாவது தந்தவையே?" என்றாள் மனைவி. "ஊரிலை சண்டைக்கெண்டு எங்களிட்டையும் ஒருக்காப் பவுண் கேட்டவை, அன்ரி. எங்களுக்கு வெறும் பற்றுச்சீட்டுத் துண்டுதான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகனும் நானும் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிறகு சண்டை வந்துது," அன்ரி தொடர்ந்தார். "பிஸ்கட் நிண்டுது. உப்பும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உப்பில்லாத கஞ்சி. கத்தினதும் நாங்கள்தான், குடிச்சதும் நாங்கள்தான்."

"கேட்டியளே?" மகன் கையை விரித்தார். "எண்பது வருசமாச்சு. இப்ப சொல்லுங்கோ, உது நோமலா?"

மனைவி தட்டுகளை நோக்கி நடந்தாள். யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள், ஜாம்போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்துச் சோதனை பாஸ் பண்ணியவள் அவள். உணவுக்கடைக்கு வந்த சுகாதார அதிகாரியைப் போல ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசித் தட்டில் நின்றாள்.

"காணாது. உவ்வளவு போதாது."

"என்ன காணாது?" என்றார் மகன்.

"சவர்க்காரம் எங்கை? சவர்க்காரம் இல்லாமல் என்ன செய்வியள், அன்ரி? நாங்கள் பனம்பழத்தைப் போட்டெல்லோ உடுப்புத் தோய்ச்சனாங்கள். பள்ளிக்கூடம் போகேக்கை அந்த வாசத்துக்கு மாடு பின்னாலை வரும்."

அன்ரி எழுந்தார். வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பின்னால் போய்க் குனிந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். அறை முழுவதும் சவர்க்கார வாசம்.

"இது எனக்கே தெரியாது!" மகன் தலையில் கைவைத்தார்.

"ஓம், இப்ப சரி," என்றாள் மனைவி. தீர்ப்பு முடிந்தது.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் அறிவுள்ள ஒருவனையாவது கண்டுபிடிக்கும் ஆசை அவர் கண்ணில் இருந்தது. நான் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய், பேஸ்மென்ற் விளக்கைப் போட்டேன். சிவப்பரிசி மூட்டைகள், பருப்பு, மீன் ரின்கள், பற்றரிகள், கூரையைத் தொடும் சவர்க்காரக் கட்டிகள்.

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"ரெண்டு பேர்."

அவர் ஓர் அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். முதலில் தோள்கள் குலுங்கின. அழுகிறாராக்கும் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, பக்கக் கதவடியில் நின்று வேலிக்கு மேலால் கத்தினார். "அம்மா! இவையின்ரை பேஸ்மென்ற் உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அன்ரி தன் குசினி யன்னலைத் திறந்தார். "எத்தினை வருசமா அந்தத் தம்பி காரிலை இருந்து மூட்டை இறக்கிறதைப் பாக்கிறன். வேறை வீட்டிலை போய்க் கேக்க நான் என்ன விசரியே?"

இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக மகன் ஒப்புக்கொண்டு காரில் ஏறப்போனார். மனைவி விடவில்லை.

"ஒஷாவாவிலை நீங்கள் என்ன வச்சிருக்கிறியள்?"

"ஒண்டும் இல்லை," என்றார், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போல.

"இஞ்சேருங்கோ," மனைவி என் பக்கம் திரும்பினாள்.

பாசிசத்துக்கு எதிராக என் வாழ்நாள் பங்களிப்பு, ஓர் அரிசி மூட்டையை அந்தக் காரின் பின்பெட்டியில் ஏற்றியதுதான். என் இடுப்பு அதை ஒரு வாரம் நினைவுகூர்ந்தது. கார் புறப்படும்போது அன்ரியின் யன்னலில் இருந்து குரல் வந்தது:

"உப்பும் குடுத்து விடு, தம்பி!"