டைகர் 'அவரு', என் அப்பா 'அது'

ஏற்காட்டுக்குக் காரில் போகிற வழியில், கடத்தூருக்குப் பக்கத்தில் மிட்டாதார் என்கிற அந்த ஊர் ஜமீன்தாரின் பழைய பங்களாவைப் பார்க்க இறங்கினோம். இப்போதெல்லாம் டிக்கெட் வாங்கினால் நாங்களும் முன்வாசல் வழியாகவே போகலாம்.

கூடத்தில் அறுபதுகளின் கடைசியில் எடுத்த ஒரு போட்டோ. பெரிய நாய். அதன் சங்கிலியைப் பிடித்தபடி சட்டையில்லாத ஓர் இளைஞர்.

"இவரு டைகருங்க," என்றார் சுற்றிக்காட்டியவர். "எசமான் கார்ல முன்சீட்டுலதான் உக்காருவாரு."

"சங்கிலிய புடிச்சிட்டு நிக்கறவரு யாருங்க?"

"அது யாரோ பண்ணையாளுங்க. அதுக்குப் பேரெல்லாம் போடலீங்க."

"அப்ப இப்பப் போட்டுக்குங்க. மாரிமுத்து. எங்கப்பா."

அவர் அவசரமாக ஊஞ்சலைக் காட்டப் போய்விட்டார். நான் போட்டோவுக்கு அடியில் பேனாவால் பெயரை எழுதினேன்.

வெளியே வரும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். 'டைகர் ரொம்ப நல்லவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வீட்டில் அப்பாவைக் கடிக்காதவர் அவர் ஒருத்தர்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மறக்காமல் ஒரு பேனா எடுத்துப் போங்கள். நான் எழுதியதை இந்நேரம் அழித்திருப்பார்கள்.