பாயில் நீந்திய நூறு மீட்டர்

எனக்குத் தொண்டை பெரிசு. கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசியே வளர்ந்த தொண்டை. மகள் நீச்சல் போட்டிக்கு நின்றால், மதுரை நீச்சல்குளத்து ஓரத்தில் நான் போடுகிற கூச்சலுக்கு ஊரே திரும்பிப் பார்க்கும். "இழு தாயி, இழு! பக்கத்துல வாரா பாரு!" என்பேன். அவளும் பார்ப்பாள். பார்த்தால் போச்சு. அதற்குள் பக்கத்துக்காரி ஒரு முழம் முன்னே போயிருப்பாள்.

பயிற்சியில் அத்தனை பேரையும் முந்துகிறவள், போட்டியன்று காலையில் தின்ற இட்லியை விசிலுக்கு முன்னாலேயே வாந்தி எடுத்துவிடுவாள். தாவுகிற மேடையில் ஏறினால் பக்கத்து மேடைக்காரிகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கோச் பார்த்தார். விளையாட்டு உளவியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு மேடத்தைச் சனிக்கிழமை தோறும் வரச் சொன்னார்.

எனக்கு நம்பிக்கையே இல்லை. "நீந்துறது கையும் காலும். இதுல மனசு எங்கிட்டு வந்துச்சு?" என்று வீட்டில் எகிறினேன்.

"உங்களுக்குக் கோவம் எதுலருந்து வருது? கையிலருந்தா, காலுலருந்தா?" என்றாள் என் வீட்டுக்காரி.

மேடம் முதலில் வைத்தியம் பார்த்தது பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களான எங்களுக்கு. "புள்ள தண்ணியவிட்டு ஏறினதும் டைம் என்னன்னு கேக்காதீங்க. தண்ணி எப்பிடி இருந்துச்சுன்னு கேளுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க மட்டும் எதுவுமே கேக்க வேணாம். சும்மா இருங்க, அது போதும்." எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

தண்ணீரில் எங்கே உனக்குப் பயமே வராது என்று மேடம் அவளிடம் கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பா கிணற்றில் என்றாள். நீச்சல் பழகியது அங்கேதான். "அப்ப மேடையில ஏறினதும் இது என் கெணறுன்னு சொல்லிக்கிரு. வேற எதையும் நெனைக்காத" என்றார் மேடம். அட, இம்புட்டுத்தானா என்று எனக்குள் ஒரு இளக்காரம்.

அடுத்துத்தான் பாய் நீச்சல் வந்தது. வீட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும். விசில் கேட்டதும் மனசுக்குள்ளேயே பாய்ந்து, கைவீச்சு கைவீச்சாக நூறு மீட்டரும் நீந்த வேண்டும். கடைசிச் சுவரைத் தொட்டதும் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். விசிலும் ஸ்டாப் வாட்ச்சும் என் கையில். முதல் நாள் அவள் விரலைத் தூக்கிய வேகத்துக்கு உலகச் சாதனையே உடைந்திருக்கும். கேட்டால், நடுவில் சுவரில் திரும்பவே மறந்துவிட்டாளாம்! போகப் போகப் பிடிபட்டது. குளத்தில் எடுக்கிற நேரமும் பாயில் எடுக்கிற நேரமும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. படுத்துக் கிடக்கிறவளுக்கு மூச்சு வாங்குவதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் நான் இளக்காரம் பேசவில்லை. அவள் பாயை விரித்ததும் என் வீட்டுக்காரி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். குக்கர் விசில் அடித்தால் பிள்ளை தப்பாகப் பாய்ந்துவிடுவாள் என்று பயம்.

மாவட்டப் போட்டியன்று நான் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக ஒரு சத்தம் போடவில்லை. அவள் வாந்தி எடுக்கவில்லை. மேடையில் அவள் உதடு அசைந்தது. எனக்கு மட்டும் புரிந்தது. முதலாவதாகத் தொட்டாள். சென்னையில் நடக்கப்போகிற மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள்.

"தண்ணி எப்பிடி இருந்துச்சு தாயி?"

"கெணறு மாதிரியே இருந்துச்சுப்பா." ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மாநிலப் போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பயிற்சி முடிந்து ஏறி வந்தவள், படியில் உட்கார்ந்தாள். அப்படியே சரிந்தாள். தண்ணீருக்குள் விழாமல் தரையில் விழுந்தாளே, அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். வெறும் வயிறு என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு முறைக்குப் பலமுறை பார்த்தார்கள். பிறவியிலேயே இதயத் துடிப்பில் ஒரு கோளாறாம். வேகமாக நீந்தும்போது துடிப்பு தாறுமாறாகிச் சட்டென்று நின்றேவிடலாமாம். மருந்து உண்டு. ஆனால் மருந்து சாப்பிட்டாலும் போட்டி நீச்சல் கூடவே கூடாது என்றார் டாக்டர். வேறொரு பெரிய டாக்டரிடம் போனோம். அவரும் அதையேதான் சொன்னார்.

மகள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "டாக்டர், படுத்துக்கிட்டு மனசுல மட்டும் நீந்தலாமா?" என்று கேட்டுவிட்டேன். கிறுக்குத்தனமான கேள்விதான். அந்த மனுசன் சிரிக்கவில்லை. பாயைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிள்ளையை ஒருதரம் பார்த்தார். "அது நீந்தட்டும்" என்றார்.

சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா? பயமென்றால் மேடம் எடுத்திருப்பார். வலு போதாதென்றால் கோச் ஏற்றியிருப்பார். இதை யாரிடம் கொண்டு போவது? விசாரிக்க வீட்டுக்கு வந்த மேடத்தின் மேல் பாய்ந்தேன். "மனசு மனசுன்னீங்களே, எல்லாம் சரியாயிருச்சுல்ல? இப்ப இதச் சரிபண்ணுங்க பாப்போம்!"

அவர் நேரே போய் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தைரியமா இரு, எல்லாம் நன்மைக்கே என்று எதையாவது சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல கண்ணு" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அழாத என் மகள் அப்போதுதான் அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் வாசலுக்குப் போய்விட்டேன். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மாநிலப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளோடு நீந்திய பிள்ளைகள் முதல் நாளே ரயிலேறிவிட்டார்கள். பெண்கள் நூறு மீட்டர் எப்போது என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை அவளே எடுத்து விரித்தாள்.

"அப்பா, வாட்ச்ச எடு."

"வேணாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்கப் போகுது" என்றாள் என் வீட்டுக்காரி. நான் டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

மகள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. விசிலடித்து வாட்ச்சை அமுக்கினேன். பாயில் விரல்கள் லேசாகத் துடித்தன. முதல் சுவரில் திரும்பியிருப்பாள் என்று அவள் மூச்சை வைத்தே கணித்தேன். இதோ வந்துவிட்டாள், இதோ தொடப்போகிறாள் என்று நானே கடிக்கத் துண்டைத் தேடினேன். அவளுடைய நேரம் வந்தது. விரல் எழவில்லை. நேரம் தாண்டியது. பயந்து போய்க் குனிந்தேன். மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராகத்தான் இருந்தது.

"தாயி, தொட்டுட்டியா?"

"இல்லப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "தொட்டா முடிஞ்சிரும்ல."

சென்னையில் அந்நேரம் யாரோ ஒரு பிள்ளை முதலாவதாகத் தொட்டிருக்கும். நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாட்ச்சை நிறுத்தவில்லை.