பரீட்சகர் பக்கத்துக் கதவு

கனகாம்பிகை அக்காவின் கதையை நான் தொடங்கினால் என் கணவன் கிருஷாந் மெல்ல எழும்பிப் போய்விடுவான். அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது. லண்டன் பிளேஸ்டோவில் பதினொரு வருடமாகத் தமிழ்ப் பெண்களுக்குக் கார் ஓடப் பழக்குகிறேன். என்னிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் என் வாயை அடைத்தவர் இவர் ஒருவர்தான்.

அக்காவுக்கு ஐம்பத்துநாலு வயது. என்னைவிடப் பதினைந்து வயது கூட. வீடு வீடாகப் போய் நடக்கமுடியாத முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பாடு ஊட்டிவிடும் வேலை. ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் இடையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது என்பார். அந்த வேலைக்கும் ஆபத்து வந்தது. மார்ச் மாதத்திலிருந்து கார் ஓடுகிறவர்களுக்குத்தான் வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டாள்.

அக்கா நன்றாக ஓடுவார். என்னோடு இருக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. பரீட்சகர் பக்கத்தில் ஏறி இருந்ததும் ஆள் மாறிவிடும். முதல் தடவை ஒரு புறாவுக்காக நடுவீதியில் நிறுத்தி, அது பறந்து போகும்வரை காத்திருந்தார். இரண்டாம் தடவை நாற்பது நிமிடத்தில் எத்தனை 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை. ஐந்தாம் தடவை பரீட்சகர் இருமியிருக்கிறார். தன்னில்தான் பிழை என்று நினைத்து, பச்சை லைட்டில் காரை நிறுத்திவிட்டார். ஐந்து தடவையும் பெயில். ஐந்து தடவையும் நான் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும்.

ஆறாவது பரீட்சை தைப்பொங்கல் அன்று காலை ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு. அதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அக்காவுடையது பொங்கலுக்கு மூன்றாம் நாள் முடிகிறது. அந்தப் பரீட்சையையே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி நாலாம் தடவைதான் பாஸ் பண்ணியவர். இதைத் தவறவிட்டால் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கவேண்டும். அதற்குள் மார்ச் வந்து போய்விடும்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன். எனக்குச் சாத்திரம் சம்பிரதாயத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. பின்னே ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய் அக்காவின் பெயர், நட்சத்திரத்தோடு என் காரின் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனை செய்தேன். ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, இலக்கத்தையும் மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். தீர்த்தத்தை ஒரு குட்டிப் போத்தலில் கொண்டுவந்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் காரைக் கழுவினேன். பிறகு ஒரு வாளி தண்ணீரில் மஞ்சளும் அந்தத் தீர்த்தமும் கலந்து, மாவிலையால் நாலு பக்கமும் தெளித்தேன். அதோடு விட்டிருக்கலாம். வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. பரீட்சகர் எந்தக் கதவால் ஏறுவார் என்று யோசித்தேன். அவருடைய மனம் இளகட்டும் என்று அவ்வளவையும் இடப்பக்கத்து முன்கதவில் ஊற்றினேன்.

அன்று இரவு குளிர் மைனஸ் ஐந்துக்கு இறங்கும் என்று வானொலி காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. மாணவிகளுக்குக் குளிர்காலத்துக்கென்று தனிப் பாடம் எடுக்கிற நான், அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

காலை ஏழு இருபதுக்கு அக்கா வந்தார். புதுச் சேலை, அதன் மேல் தடித்த கோட், நெற்றியில் திருநீறு. முகம் வெளிறிப்போயிருந்தது. நான் உற்சாகமாகச் சாவியை அமத்தினேன். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு அசையவில்லை. மற்றக் கதவையும் இழுத்தேன். பின்கதவுகளையும் இழுத்தேன். மஞ்சள் நிறத்தில் பனிக்கட்டி, கதவின் விளிம்பெல்லாம் மெழுகு ஊற்றினதுபோல ஒட்டியிருந்தது.

எனக்கு என்ன வந்தது என்று தெரியும்தானே? காலை மட்கார்டில் ஊன்றி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம்.

"இழுக்காதையும், பிள்ளை!" என்று அக்கா கத்தினார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "கைப்பிடி உடைஞ்சு கையோடை வரும். தள்ளும் இஞ்சாலை."

கோட்டை இறுக்கிக்கொண்டு அக்கா ஓட்டுநர் கதவில் தன் இடுப்பைச் சாய்த்தார். முழுப் பாரத்தையும் போட்டு உள்ளுக்குத் தள்ளினார். கொஞ்சம் நகர்ந்து திரும்பவும் தள்ளினார். மேல் மூலை, கீழ் மூலை என்று கதவின் விளிம்பு முழுக்க உள்ளங்கையால் அமத்திக்கொண்டே போனார். பனிக்கட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து கிருஷாந் கேத்திலோடு ஓடிவந்தான். பொங்கலுக்காகக் கொதிக்க வைத்த தண்ணீர். ஆவி பறந்தது.

"ஊத்தாதையும் தம்பி! கண்ணாடி வெடிச்சுப்போம். வெடிக்காட்டியும் அந்தத் தண்ணி அஞ்சு நிமிசத்திலை திரும்ப உறைஞ்சு நிக்கும். வீட்டிலை சுடுதண்ணிப் போத்தல் இருக்கோ? முதுகுக்கு வைக்கிறது?"

இருந்தது. என் முதுகு நோவுக்கு வாங்கியது. அதற்கு முயல் முகம் வைத்த இளஞ்சிவப்பு உறை, என் மகள் தெரிவு செய்தது. கேத்தில் தண்ணீரை அதில் ஊற்றிக் கொடுத்தோம். அக்கா அதைக் கதவின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போனார். இளகிய இடத்தை உடனே துணியால் துடைத்தார். கடைசியாக மெதுவாக இழுத்தார். கதவு திறந்தது. தன் பையிலிருந்து வாஸ்லின் டப்பாவை எடுத்து, கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் பூசினார்.

"இனி ஒட்டாது. முதலாம் வருசம் தேங்காய் எண்ணெய் பூசினனான் பிள்ளை. அது கதவைவிட மோசமா உறைஞ்சுபோச்சு."

"எந்த முதலாம் வருசம்? உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் அக்கா?"

"பதினெட்டுக் குளிர்காலம்," என்றார், துடைத்துக்கொண்டே. "இவருக்கு விடியக் காலமை பேக்கரியிலை ஷிப்ட். நான் முன்னுக்கே இறங்கி, கதவைத் திறந்து, ஐஸ் சுரண்டி, கார் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைப்பன்."

"அந்த நேரம் யோகலிங்கம் அண்ணை என்ன செய்வார்?" என்று அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"தேத்தண்ணி குடிப்பார்."

"பதினெட்டு வருசமா அந்த சீற்றிலை ஏறி இருக்கிறியள். ஒரு நாளும் ஓடிப் பாக்கேல்லையோ?"

"நான் இருக்கிறன்தானே, உமக்கு ஏன் கார் எண்டுவார். நல்ல மனுசன் பிள்ளை. ஒண்டும் சொல்லேலாது."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கோபத்தில் காது சூடாகிவிட்டது. ஆனால் கோபம் யோகலிங்கம் அண்ணையில் மட்டும் இல்லை. இந்த மனுசியைத்தான் நான் இரண்டு வருடமாக "பயப்பிடாதேங்கோ, கார் ஒண்டும் கடிக்காது" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

எட்டு மணி ஆகிவிட்டது. என் பக்கத்துக் கதவு, அதாவது நான் வாளியால் ஊற்றின கதவு, இன்னும் கல்லாக இருந்தது. அதற்கு நேரமில்லை. ஓட்டுநர் கதவால் ஏறி, கியர் தடிக்கு மேலால் கால் தூக்கிப் போட்டு, கோட்டும் பூட்ஸுமாக மற்ற இருக்கையில் விழுந்தேன். கிருஷாந் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கணக்குத் தீர்த்துக்கொண்டேன்.

வீதியெல்லாம் நெரிசல். எட்டு ஐம்பத்தைந்துக்குப் பரீட்சை நிலையத்தின் முற்றத்தில் காரை நிறுத்தினோம். ஹீற்றர் ஓடின சூட்டில் என் கதவு ஒரு மாதிரித் திறந்தது. இறங்கி அதை அறைந்து சாத்தினேன். திரும்பித் திறந்துகொண்டது. இன்னும் பலமாக அறைந்தேன். திரும்பவும் திறந்தது. கதவுக்குள் இருக்கிற கொளுக்கி, உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்து இறுகிப்போயிருந்தது.

"அறையாதையும்," என்றார் அக்கா. சுடுதண்ணிப் போத்தலைக் கொளுக்கியில் வைத்து அமத்திப் பிடித்தார். அது ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

பரீட்சகர் வந்தார். உயரமான, மெலிந்த மனிதர். சிரிப்புக்கு விரதம் இருக்கிறவர் போல. கதவைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். கதவு பூட்டாத காரில் பரீட்சை நடத்த முடியாது, ரத்துச் செய்யவேண்டியிருக்கும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார்.

இதோ வரப்போகிறது 'சொறி' என்று நான் கண்ணை மூடினேன்.

"ரூ மினிட்ஸ்," என்றார் அக்கா, இரண்டு விரலைக் காட்டி. "யூ ஹோல்ட் திஸ்."

கண்ணைத் திறந்தேன். இளஞ்சிவப்பு முயல் பரீட்சகரின் கையில் இருந்தது.

"நொட் தெயர். ஹியர். பிறெஸ்."

அந்த மனிதர் குனிந்து, முயலைக் கதவின் விளிம்பில் வைத்து அமத்தினார். அக்கா வெளிக் கைப்பிடியை மெல்ல மெல்ல இழுத்து இழுத்து விட்டார், கொளுக்கிக்குள் வாயால் சூடாக ஊதினார், திரும்பவும் இழுத்தார். ஒரு நிமிடம் போனது. எனக்கு ஒரு வருடம் போனது. 'டக்' என்று கொளுக்கி அசைந்தது. அக்கா கதவைச் சாத்தினார். அது பூட்டிக்கொண்டது. திறந்து, இன்னொரு தடவை சாத்திக் காட்டினார்.

"நவ் சிற்," என்றார், தன் முதியவர்களுக்குச் சொல்கிற அதே குரலில். பரீட்சகர் ஏறி இருந்தார்.

முயலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அந்த முற்றத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். கும்பிடாத தெய்வம் இல்லை. இருமல் வந்துவிடக் கூடாது, புறா வந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டேன். கார் திரும்பி வந்து, பார்க்கிங் கோடுகளுக்குள் நேராக நின்றது. பரீட்சகர் இறங்கி, கதவைச் சாத்தி, அது பூட்டியதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நாலே நாலு சின்னப் பிழைகள்," என்றார். "பாஸ். அவருக்கு இவ்வளவு நிதானம் யார் பழக்கியது?"

நான் இல்லை என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு உண்மை சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். திரும்பும் வழியில் அவர்தான் ஓடினார். அரைவழியில் அவருடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். யோகலிங்கம் அண்ணை.

"பிள்ளை, என்னவாம்? இந்த முறையும் போச்சோ? அழ வேண்டாம் எண்டு சொல்லும். பொங்கல் ஆறுது. நான் வந்து ஏத்திக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம் அண்ணை. அக்கா கார் ஓடி வாறா. பாஸ் பண்ணிப்போட்டா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மெதுவா வரச் சொல்லும்," என்றார். "றோட்டெல்லாம் ஐஸ்."

அக்கா கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "அவரை வெளியிலை வந்து நிக்கச் சொல்லும் பிள்ளை. நான் ஓடி வாறதை அவர் பாக்கவேணும்."

அவர்களுடைய தெருவுக்குள் திரும்பியபோது அண்ணை நடைபாதையில் நின்றார். பட்டு வேட்டி, மேலே பெரிய ஜம்பர், காலில் வீட்டுச் செருப்பு. அந்தக் குளிரில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா வேகத்தைக் குறைத்தார். கண்ணாடி பார்த்தார். நிறுத்தாமல் அவரைத் தாண்டிப் போனார்.

"அக்கா, நிப்பாட்டுங்கோ! அண்ணை பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"பாக்கட்டும்," என்றார் அக்கா. "இன்னும் ஒருக்கால் சுத்திக்கொண்டு வாறன்."