பெண்கள் பக்கம் மட்டும் காலி

மனைவியோடு போகும் வழியில், வெள்ளகோவிலில் என் காரை நிறுத்தச் சொல்கிறேன். ஊமைப்படக் காலத்து சினிமாக் கொட்டகை ஒன்று. முன்பு இங்கே தீப்பிடித்ததில் செத்துப்போன பெண் இன்னும் உள்ளேயே இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. இன்று மறுபடி மேட்னி போடுகிறார்கள். ஆண்கள் பக்கம் நிறைந்துவிட்டது. பெண்கள் சாலையோரமே நிற்கிறார்கள். இன்றும் அவர்கள் வராவிட்டால் கொட்டகை பஞ்சுக் கிடங்காகிவிடுமாம். கொட்டகை முதலாளியம்மா பெண்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறார். நான் அவரிடம் போகிறேன்.

“நான் மூணாவதோட படிப்ப நிறுத்துனவன், இன்னிக்கு நாலு லாரிக்கு முதலாளிங்க. பேயாவது பிசாசாவது. நான் போயி உக்காரட்டுங்களா?”

“நீங்க உக்காந்தா எந்தப் பொம்பளைங்க வருவாங்க? உங்கூட்டு அம்மணிய அனுப்புங்க.”

திரும்புகிறேன். என் மனைவி டிக்கெட்டோடு நிற்கிறாள்.

“நகருங்க, படம் போட்டுருவாங்க.”

நகர்கிறேன். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக நுழைகிறார்கள்.