தாடையில் முளைத்தது

முதலில் வந்தது மேலுதட்டில்தான். அதற்காக நான் கவலைப்படவில்லை. கம்பெனியில் என் லைனில் வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் மாதம் ஒருமுறை ராசா டவுனில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போய் நூல் போட்டு முடி எடுத்துக்கொண்டு வருவார்கள். நானும் கூடப் போவேன். புருவத்துக்கும் உதட்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிட வேலை. கண்ணில் நீர் வரும், தும்மல் வரும், முடிந்ததும் ஐஸ் வைத்து ஒற்றுவார்கள். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சிரம்பான் பக்கம் செனாவாங்கில் எலக்ட்ரானிக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டராக இருந்தேன். வீடு, அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில். அண்ணன் தோட்டத்துப் பழ லாரி ஓட்டுகிறார், அதனால் எங்களுக்கு அந்த வீடு. அண்ணன், அண்ணி, அவர்களுடைய சின்ன மகள், அம்மா, நான்.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் மாதம் ஒருமுறை என்பது போதாமல் போனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனேன். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. ஒரு சனிக்கிழமை நூல் போடும் பெண் என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, தாடைக்குக் கீழே விரலால் தடவினாள். பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, போன தடவை இது இல்லையே அக்கா என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழி திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் ஒரு அம்மாள் இருந்தார். அவருக்கு நாடியில் நாலைந்து முடி. தோட்டத்தில் அவருக்கு வேறு பெயரே கிடையாது, மீசைக்காரிதான். அவர் செத்த அன்றைக்கும், மீசைக்காரியை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பெயரைத் திருத்த வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் அண்ணியிடம் போனேன். அண்ணி ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கை கால் முடியை எடுக்க வீட்டிலேயே சீனி காய்ச்சத் தெரியும். சீனியும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் கலந்து, காலி பால் டின்னில் ஊற்றி, தேன் நிறம் வரும்வரை அடுப்பில் வைப்பார். பழைய ஜீன்ஸைக் கிழித்துப் பட்டைகள் வைத்திருந்தார். முகத்துக்கு இதைப் போடக் கூடாது என்று முதலில் மறுத்தார். நான் கெஞ்சினேன். அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போகிற சனிக்கிழமை மத்தியானங்களில் செய்வதென்றும், யாரிடமும் சொல்வதில்லை என்றும் முடிவானது. யாரிடமும் என்றால் அண்ணனிடமும்தான். அவர் மகள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அந்த அளவுக்கு இறங்கியிருந்தேன்.

முதல் தடவை தாடையில் போட்டு இழுத்தபோது, அட்டைப் பெட்டியிலிருந்து டேப்பை உரிக்கிற சத்தம் கேட்டது. வலி அதற்கு ஒரு நொடி கழித்துத்தான் வந்தது. காது வரைக்கும் ஏறி, பல்லில் இறங்கியது. இழுத்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் வரிசையாக நின்றன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக, செங்குத்தாக, அடியில் வெள்ளை வேரோடு முடிகள் அதில் நின்றன.

“இது பொம்பள முடி மாதிரி இல்லையே,” என்றார். “உன் அண்ணன் முடி மாதிரி இருக்கு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு வாரம் முகம் வழவழப்பாக இருந்தது. பிறகு நாலு நாள். பிறகு இரண்டே நாள். பிடுங்கிய இடத்தில் எல்லாம் சிவந்து, அது கறுத்து, தோலுக்கு அடியிலேயே முடி சுருண்டு வளர்ந்து கொப்புளம் வைத்தது. செனாவாங் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், லேபிள் இல்லாத ஒரு கிரீம் வாங்கினேன். அழுகின முட்டை நாற்றம். ஐந்து நிமிடம் என்று விற்றவள் சொன்னாள். மூன்றாவது நிமிடத்திலேயே எரிந்தது. கழுவினால் தோலும் சேர்ந்து வந்தது. அந்த வாரம் முழுக்க அம்மாவிடம், கம்பெனி மாஸ்க் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். கடைசியில் அண்ணனுடைய சவர பிளேடு மாதிரியே ஒரு பாக்கெட் வாங்கி என் துணிகளுக்கு அடியில் வைத்தேன். கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து கேட்டுக்கு வரும். ஐந்து மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு, தினமும் சவரம் செய்தேன்.

வேலை இடத்தில் எனக்குப் பயமில்லை. தூசி படக் கூடாத அறை அது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, மாஸ்க், கண் மட்டும்தான் வெளியே தெரியும். எட்டு மணி நேரம் யாரும் என்னைப் பார்க்க முடியாது. ஓவர்டைம் கேட்டு வாங்கிச் செய்தேன். வீட்டில் பணத்துக்காக என்று நினைத்தார்கள்.

முகத்தோடு அது நிற்கவில்லை. நெஞ்சுக் குழியில் வந்தது, தொப்புளுக்குக் கீழே வந்தது. இந்தப் பக்கம் முடி வளர வளர, தலையில் நெற்றி ஓரங்களில் கொட்டியது. மாதாமாதம் தூரமாவது நின்றுபோனது. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்தால் அப்படி ஆகும் என்று யாரோ கேன்டீனில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனையையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. முடி வந்தால் எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் அது இல்லை. அப்படித்தான் அந்த மாதங்களை ஓட்டினேன்.

சர்ச் பாடகர் குழுவில் பத்து வருஷமாக முதல் வரிசையில் நின்று மேல்குரலில் பாடியவள் நான். ஆடி மாதம் போல எனக்குக் குரல் மேலே ஏறவில்லை. தொண்டையில் யாரோ கை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. குழுவை நடத்தும் அக்கா, சளியாக இருக்கும், கொஞ்ச நாள் பின் வரிசையில் நில் என்றார். நின்றேன். அங்கேயும் என் குரல் மற்றவர்களுக்கு அடியில் தனியாகக் கேட்டது. ஒரு நாள் சமையல் கேஸ் தோம்பு கேட்டுக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் வீட்டு நம்பரை எழுதிக்கொண்டு, சரி தம்பி, சாயந்திரம் வரும் என்றார். நான் அதைச் சாப்பாட்டு நேரத்தில் வேடிக்கையாகச் சொன்னேன். அண்ணனும் அம்மாவும் சிரித்தார்கள். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது, கிளினிக்குக்குப் போவோமா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த சம்பளம் வரட்டும் என்றேன். அவர் அதோடு கேட்பதை விட்டார். சனிக்கிழமைகளில் சீனி காய்ச்சுவதையும் விட்டார். கை வலிக்கிறது என்று சொன்னார்.

அக்டோபரில் இடது தாடைக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்தது. உள்ளே முடி கறுப்பாகத் தெரிந்தது. தையல் ஊசியை மெழுகுவர்த்தியில் காட்டிவிட்டு நோண்டி எடுத்தேன். மறுநாள் அது எலுமிச்சை அளவு வீங்கியது. அதன்மேல் மாஸ்க் உரசிக்கொண்டே எட்டு மணி நேரம். இரண்டாவது நாள் குளிர் ஜுரம் வந்து லைனிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் கம்பெனி கிளினிக்குக்கு அனுப்பினார். மாஸ்க்கை ஒரு பக்கம் மட்டும் இறக்கிக் காட்டி, பரு என்றேன். டாக்டர் மாத்திரை எழுதினார், இரண்டு நாள் லீவுக்கு எம்சி கொடுத்தார். பிறகு பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே என் கழுத்தில் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் என்னிடம் வராதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

அம்மா பல்வலி என்று நினைத்து உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். நான் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டு நாளாக பிளேடு எடுக்க முடியவில்லை. எனக்கு ஜுரத்தைவிட அதுதான் பயம். மறுநாள் மத்தியானம் அண்ணி கஞ்சியோடு வந்து போர்வையை விலக்கினார். அவர் பார்வை கழுத்தில் நின்றது. கோட்டை விட்டு மூன்று விரல் கீழே, காறை எலும்பு வரைக்கும் சிவப்பு இறங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அம்மா அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, உள்ள வாங்க,” என்றார் அண்ணி. “இது பல்லு இல்ல. அவளுக்கு ஆம்பளைக்கு மாதிரி தாடி வளருது. அஞ்சு மாசமா தூரமாகல. நான்தான் கூட இருந்து மறைச்சேன்.”

அம்மா உள்ளே வந்து நின்றார். என் முகத்தைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து என் ஐசி அட்டையையும் இரண்டு நைட்டியையும் எடுத்துப் பையில் போட்டார். அண்ணன் லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, நண்பர் காரை வாங்கிக்கொண்டு வந்தார்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். என்னைப் பார்க்க வந்தவர் ஒரு இளம் மலாய் டாக்டர், பெண். புண்ணைப் பார்த்தார். பிறகு வீங்காத பக்கத்துத் தாடையைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் தடவினார். “செஜாக் பிலா?” என்று கேட்டார். எப்போதிலிருந்து என்று. புண் மூன்று நாளாக என்றேன். இல்லை, இது என்றார். நான் பேசியதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்ன விஷயத்தைவிட என் குரலைத்தான் கவனிக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

எனக்கு மாதங்கள் நினைவில் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றே இருந்தேன். அண்ணிதான் சொன்னார். மகளுக்கு ஸ்கூல் லீவ் விட்ட வாரம் தாடையில், அம்மா மலாக்காவுக்குப் போன மாதம் கழுத்தில், அதற்கு அடுத்து நெஞ்சில். டாக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இவ்வளவு வேகமாக வந்தால் அதற்குக் காரணம் தோலில் இருக்காது என்றார். காயம் ஆறும்வரை பிளேடு, நூல், கிரீம் எதுவும் கூடாது. எவ்வளவு வளர்கிறது என்று தானும் பார்க்க வேண்டும் என்றார்.

வார்டில் இருந்த ஏழு நாட்களைப் போல நான் எதையும் அனுபவித்ததில்லை. பெண்கள் வார்டு, ஆறு கட்டில். முதல் இரண்டு நாள் துண்டால் மூடிக்கொண்டேன். நாலாவது நாள் தாடி துண்டில் சிக்கியது. சாப்பாடு கொண்டுவருகிறவள் என்னைப் பார்க்காமல் தட்டை வைத்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டியைப் பார்க்க வந்த பிள்ளைகள், என்னைப் பார்த்துவிட்டுக் கதவு நம்பரை ஒருமுறை சரிபார்த்தார்கள். அம்மா தினமும் காலையில் ஈரத் துணியால் என் முகத்தைத் துடைப்பார். தாடைக்கு வரும்போது கை நிற்கும். பிறகு துடைப்பார். ஒரு நாளும் தாடையை விட்டுவிட்டுத் துடைக்கவில்லை.

ரத்தத்தில் ஆண்களுக்கு இருக்கிற அளவுக்கு ஆண் ஹார்மோன் இருந்தது. ஸ்கேனில் இடது சூலகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அதுதான் அத்தனை மாதமும் சுரந்துகொண்டிருந்தது. நான் தினமும் காலையில் ஐந்து மணிக்கு மழித்துவிட்டுப் போனது அதன் அடையாளத்தைத்தான். புற்றுநோயா என்று அண்ணன் கேட்டார். எடுத்து சோதித்தால்தான் தெரியும் என்றார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கட்டியை எடுத்தார்கள். சோதனை முடிவு வர இன்னும் இரண்டு வாரம். அந்த ஐந்து வாரமும் நான் அண்ணியோடு பேசவில்லை. அவர் வைத்த கஞ்சியைக் குடித்தேன், அவர் பிடித்த கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், பேசவில்லை. சத்தியத்தை மீறிவிட்டார் என்ற கோபம் எனக்கு உண்மையாகவே இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் குழந்தையின் தலையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதை நான் பார்த்தேன். அதற்கும் நான்தான் காரணம்.

கெட்ட வகைதான், ஆனால் வெளியே பரவவில்லை என்று முடிவு வந்தது. காரில் திரும்பி வரும்போது அம்மா முன்னால் உட்கார்ந்து அழுதார். பின்னால் நானும் அண்ணியும்.

“நீங்க சொல்லலைனா நான் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி,” என்றேன்.

“தெரியும் லா,” என்றார். “ஆனா நான் அதை அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

தூரமாவது இரண்டு மாதத்தில் திரும்பியது. முடி அப்படிப் போகவில்லை. புதிதாக வருவது நின்றது. ஏற்கெனவே தடித்த முடி தடித்ததாகவே இருக்கும், போகப் போகத்தான் மெலியும் என்றார் டாக்டர். குரல் திரும்பவே இல்லை. தொண்டை ஒருமுறை மாறினால் மாறினதுதான். போனில் இன்னும் தம்பி என்கிறார்கள், நான் திருத்துவதில்லை. தாடைக்கு அடியில் வெட்டிச் சீழ் எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் மட்டும் முடி வருவதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போகிறேன். மறுபடி வந்தால் உங்களுக்கு முதலில் முடிதான் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் கண்ணாடியை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன். இன்று சாயந்திரம் வலது பக்கம், காதுக்குக் கீழே, கறுப்பாக ஒன்று நின்றது. பழையதா புதியதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கும் தெரியவில்லை. பிடுங்காதே, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நாளையே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று செருப்பை எடுத்து வாசலில் வைத்தார்.