முட்டை வெந்த ஊற்று

கணவருக்காக அவித்த முட்டையை உரிக்கிறேன். அந்தக் கந்தக வாடை வந்ததுமே எரிச்சல் மூள்கிறது.

சின்ன வயதில், அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான் நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாட்டுவண்டியில், கந்தகம் வீசும் செலாயாங் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். குளம் முழுக்க ஆண்கள். அப்பாவும் இறங்கிக் கழுத்தளவு நீரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்பளைங்க ஏறட்டும்" என்று அம்மா மரத்தடியில் காலை நீவியபடி காத்திருந்தாள்.

"கொண்டாந்த முட்டைய குடு, ஊத்துக்கண்ணுல வெச்சா வெந்துரும்" என்று அப்பா கை நீட்டினார்.

பொழுது சாயத்தான் ஏறி வந்தார். "என்னா சுகம் தெரியுமா! சரி, இருட்டுது. வண்டியில ஏறு."

முட்டைக்குக் கிடைத்த வெந்நீர் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. வண்டியில் அவள்தான் அவருக்கு முட்டையை உரித்துக் கொடுத்தாள்.

"இன்னுமா உரிக்கிற?" என்கிறார் கணவர்.

முட்டைத் தட்டை அவர் முன்னால் வைக்கிறேன்.

"நீங்களே உரிச்சுக்குங்க."